குளத்தூய்மையும் கொல்லாமை அறமும்

கோவை மாநகரின் குளக்கரைகளில், கடந்த பல ஆண்டுகளாக, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் ஒரு காட்சியைக் கண்டு வருகிறோம். கையுறை அணிந்த ஆடவரும் பெண்டிரும் மாணவரும் முதியோரும் கோணிப்பைகளோடு கரையில் இறங்குகிறார்கள். நெகிழிப் பைகள், உடைந்த மதுப்புட்டிகள், பால் உறைகள், தெர்மாகோல் தட்டுகள், கிழிந்த மெத்தைகள், பூசை முடிந்த மாலைகள், கண்ணாடி உடைந்த சாமி படங்கள் ஆகியவற்றைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறார்கள். சிலர் ஆகாயத்தாமரையைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பணியை முடித்து, கைகால் கழுவி, வீடு திரும்புகிறார்கள். கூலி கிடையாது. கட்டாயமும் கிடையாது.

நாமும் நம் அன்பர் சிலரும் அத்தகைய பணி ஒன்றில் கலந்துகொண்டோம். பணி முடிந்து மரநிழலில் அமர்ந்திருந்தபோது, உடன் வந்திருந்த பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நல்ல காரியந்தான் செய்தீர்கள். ஆனால் அந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டீர்களே, அதன் வேரில் எத்தனை உயிர்கள் ஒட்டியிருந்தன என்று பார்த்தீர்களா?" அருகிலிருந்த கல்லூரி இளைஞர் ஒருவருக்கு வேறொரு மனக்குறை. "ஐயா, போட்டவர் யாரோ, பொறுக்குகிறவர்கள் நாம். அடுத்த வாரமும் அவர்கள் போடுவார்கள், நாம் பொறுக்குவோம். இதில் அறம் எங்கே இருக்கிறது?" என்றார்.

இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்க கேள்விகள் அல்ல. முதற்கேள்வி கொல்லாமையைப் பற்றியது. இரண்டாவது, பிறர் செய்த தீங்கிற்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பது. அன்று நாம் தக்க விடை கூறவில்லை. அதன்பின் எண்ணிப் பார்த்தவற்றை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொங்கு நாட்டின் நீர்நெறி

விடை காணுமுன், இக்குளங்கள் எவ்வாறு அமைந்தன என்பதை நினைவுகூர்தல் நலம். வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றும் ஓடைகள் பல கூடி நொய்யல் ஆகின்றன. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடி, நொய்யல் என்னும் பெயருடைய சிற்றூருக்கு அருகில் இது காவிரியோடு கலக்கிறது. ஆண்டு முழுதும் பெருகியோடும் ஆறு அன்று. மழைக்காலத்தில் சில வாரங்கள் வெள்ளம் வரும், பிறகு மணல் தெரியும்.

ஆதலால் முன்னோர் அச்சில வாரத்து வெள்ளத்தை ஆண்டு முழுதுக்கும் பங்கிட்டு வைத்தனர். சித்திரைச்சாவடி முதலாக ஆற்றின் குறுக்கே சிறு சிறு அணைகள் கட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் நீரைக் குளங்களில் நிரப்பினர். ஒரு குளம் நிரம்பினால் மிகுதி நீர் கலிங்கு வழியே அடுத்த குளத்திற்குச் செல்லும். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் என்று நகருக்குள்ளேயே பல குளங்கள் உள்ளன. பேரூர், வெள்ளலூர், சூலூர் என்று புறத்தேயும் உள்ளன. குளத்தில் நின்ற நீர் நிலத்தடியில் இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்தது. குளத்தில் படிந்த வண்டலை வெட்டி வயலில் இட்டனர். குடியானவர் ஆண்டுதோறும் தம் முறைக்கு வந்து வாய்க்கால் வெட்டிச் செப்பனிட்டனர். இன்று 'தன்னார்வப் பணி' என்று நாம் சொல்வது அன்று ஊர்க்கடமையாக இருந்தது.

இந்த அமைப்பில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. மேற்குளம் கெட்டால் கீழ்க்குளம் கெடும். ஒருவருடைய கலிங்கு மற்றொருவருடைய மதகு. ஆற்றங்கரையில் 'என்னுடையது', 'உன்னுடையது' என்ற பிரிவு நெடுநேரம் நிற்பதில்லை.

கெட்டது எவ்வாறு?

நகரம் பெருகிற்று. வீட்டுக்கழிவு நீர் வாய்க்காலில் விடப்பட்டது. கொங்கு நாட்டார் 'பள்ளம்' என்று வழங்கும் ஓடைகள் சாக்கடைகளாயின. நகரின் குறுக்கே செல்லும் சங்கனூர்ப் பள்ளம் இதற்குக் கண்கண்ட சான்று. கழிவின் உரத்தால் ஆகாயத்தாமரை தழைத்து நீர்ப்பரப்பை மூடியது. ஒளி நீருக்குள் இறங்காமல், உயிர்வளி குன்றி, மீன்கள் மடிந்தன.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் நேர்ந்தது இதனினும் கொடிது. திருப்பூரின் பின்னலாடைத் தொழில் உலகப் புகழ் பெற்றது, பல லட்சம் பேருக்குச் சோறு போட்டது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயம் துணியோடு போகும், உப்பு நீரோடு நின்றுவிடும். அந்நீர் நொய்யலில் விடப்பட்டது. சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில், உழவருக்குப் பாசனம் அளிப்பதற்கென்று 1992ஆம் ஆண்டில் அணை ஒன்று திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக்கழிவின் தேக்கமாக மாறிற்று. அணையில் நீர் வேண்டும் என்று கேட்பதே உழவர் வழக்கம். இங்கோ, 'அணையைத் திறக்காதீர்கள், எங்கள் நிலம் உப்பேறிப் பாழாகிறது' என்று உழவர் மன்றாடினர்.

ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றுக்கு வரலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் உழவர் பக்க நியாயத்தை ஏற்றது. ஆணை நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் செய்தது. அங்கு வேலை செய்த எளியோர் பலர் பிழைப்பிழந்தனர். பின்னர், கழிவுநீரை வடித்து நீரையும் உப்பையும் பிரித்தெடுக்கும் நிலையங்களைச் சீரமைத்துக்கொண்டு தொழில் மீண்டது.

எழுந்த முயற்சிகள்

இந்த வரலாற்றினூடே நகரத்தார் உள்ளத்தில் ஒரு விழிப்புத் தோன்றிற்று. 2003ஆம் ஆண்டில் 'சிறுதுளி' அமைப்பு தொடங்கி, குளங்களைத் தூர்வாருவதிலும் நொய்யலைக் காப்பதிலும் ஈடுபட்டது. மழை பொய்த்து 2013இல் உக்கடம் பெரியகுளம் வறண்டபோது, மாநகராட்சியோடு பொதுமக்கள் பெருந்திரளாகக் கைகோத்துத் தூர்வாரினர். 2017இல் 'கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு' ஞாயிறுதோறும் குளப்பணி என்னும் வழக்கத்தைத் தொடங்கிற்று. பல ஆண்டுகளாக வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலைத் தன்னார்வலர் செப்பனிட்டதால் அக்குளம் மீண்டும் நீர் கண்டது. கரையில் நாட்டு மரங்கள் நடப்பட்டன. வண்ணத்துப்பூச்சிகளும் பறவைகளும் வந்தன.

பிற இடங்களிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. மும்பையில் வெர்சோவா கடற்கரையை 2015இல் வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா தூய்மை செய்யத் தொடங்கினார். ஆயிரக்கணக்கானோர் வார இறுதிதோறும் சேர்ந்தனர். 2018இல் அக்கரையில் ஆமைக்குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து கடலை நோக்கி ஊர்ந்ததைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஆயினும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓடைகள் குப்பையை மறுபடியும் அக்கரைக்குக் கொண்டுவந்தன. இதனை நினைவில் வைத்துக்கொண்டு, முதற்கேள்விக்குத் திரும்புவோம்.

தூய்மை செய்தலில் இன்னா உண்டா?

உண்டு. அதனை மறைப்பது பொய்மையாகும். மண்ணை வெட்டினால் மண்ணில் வாழ்வன மடியும். ஆகாயத்தாமரையும் ஓரறிவுயிரே, அதன் வேர்த்தொகுதியில் நத்தைகளும் மீன்குஞ்சுகளும் பூச்சிகளும் ஒண்டியிருக்கும். நீருக்கே உயிருண்டு என்று கொள்ளும் மரபில் வந்த நாம், 'நல்ல எண்ணத்தோடு செய்தோம், ஆகவே தீங்கில்லை' என்று எளிதாகத் தப்பித்துக்கொள்ள இயலாது.

எனினும் ஆன்றோர் இன்னாவை ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்வது சங்கல்பி. சமைத்தல், பெருக்குதல் போன்ற மனைப்பணியில் நேர்வது ஆரம்பி. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோகி. தீயோரை எதிர்த்துக் காக்கும்போது நேர்வது விரோதி. இல்லறத்தார் முதலாவதை அறவே துறக்க வேண்டும். ஏனைய மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். குறைக்கும் வழி விழிப்புணர்வு. சோர்வும் கவனமின்மையும் கூடிய செயலே இன்னாவின் வேர் என்பது நம் மரபின் தெளிவு.

ஆகவே, பெரியவரின் கேள்வி பணியை நிறுத்தச் சொல்லும் கேள்வியன்று, பணியின் முறையைத் திருத்தும் கேள்வி. குடிநீரை நம் வீடுகளில் துணியிட்டு வடிகட்டுகிறோம். வடித்த பின் துணியில் தங்கிய நுண்ணுயிர்களை எறிந்துவிடாமல், எந்தக் கிணற்று நீரோ அந்தக் கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பது முன்னோர் வழக்கம். இவ்வழக்கத்தைக் குளத்திற்கு விரித்துப் பாருங்கள். இழுத்த ஆகாயத்தாமரையை உடனே வண்டியில் ஏற்றாமல், நீர்விளிம்பில் சற்றுநேரம் கிடத்தி, வேர்களை நீரில் அலசிவிட்டால், ஒண்டியிருந்த சிற்றுயிர்களுள் பல நீருக்கே திரும்பும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் நாணற்புதர்களைத் தொடாதிருக்கலாம். பொறுக்கிய குப்பையை அங்கேயே தீயிடும் வழக்கத்தை முற்றாக விடலாம், ஏனெனில் அந்நெருப்பில் மடிவன எத்தனை என்று நாம் காண்பதில்லை. நெகிழிப்புகை மனிதர் நெஞ்சுக்கும் நஞ்சு.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. ஒன்றும் செய்யாதிருப்பது இன்னா செய்யாமை ஆகிவிடாது. குளம் மூச்சடைத்துச் சாகும்போது அதனுள் வாழும் ஐயறிவுயிர்களும் சாகின்றன. நாம் கையை நனைக்காமல் கரையில் நின்றதால் அந்தச் சாவில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா? நம் வீட்டுக் கழிவு அதில் சேர்ந்திருக்கும்போது சொல்லவே முடியாது.

பிறர் செய்த தீங்கா?

இது நம்மை இளைஞரின் கேள்விக்குக் கொண்டுவருகிறது. போட்டவர் யார்? கோணிப்பையை அவிழ்த்துப் பார்த்தால் விடை கிடைக்கும். நாம் வாங்கும் பால் உறை அதில் இருந்தது. நாம் விருந்துக்குப் பயன்படுத்தும் தட்டு இருந்தது. நம் கடைகளில் துணியும் மளிகையும் கட்டித்தரும் பைகள் இருந்தன. பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

நம் மரபு ஒரு வினையை மூன்று கதவுகளில் தேடுகிறது: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல். மனம், சொல், உடல் என்னும் மூன்றோடு பெருக்கினால் ஒன்பதாகிறது. ஒரு வணிகர் தம் கையால் எந்த ஆற்றிலும் சாயத்தைக் கொட்டியதில்லை. ஆயினும் எங்கே, எப்படிச் சாயமிட்டார்கள் என்று கேளாமல், விலை குறைவு என்பதொன்றையே நோக்கிச் சரக்கு வாங்கினார் என்றால், அது செய்வித்தல் ஆகாதோ? அத்துணியை அணிந்து மகிழ்ந்த நாம் உடன்பட்டவர்கள் ஆகமாட்டோமா? ஒரத்துப்பாளையத்து உழவர் தம் நிலத்தால் கொடுத்த விலையில், நம் சட்டையின் விலைக்குறைவும் சேர்ந்திருந்தது. நம் சமூகத்தில் துணி வணிகம் செய்வோர் மிகுதி. ஆதலால் இதனைப் பிறர்க்குச் சொல்லும் அறிவுரையாக அன்றி, நமக்கே சொல்லிக்கொள்ளும் சொல்லாகவே எழுதுகிறோம்.

இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்கள் என்று நம் நூல்கள் வகுத்தவற்றுள் நஞ்சு வணிகமும் உண்டு, ஏரி குளங்களை வற்றச் செய்யும் தொழிலும் உண்டு. குளம் வற்றினால் அதை நம்பி வாழும் உயிர்கள் யாவும் வருந்தும் என்பதை, நகரங்கள் இவ்வளவு பெருகாத அக்காலத்திலேயே கண்டு, வணிகர்க்கு வரம்பு கட்டினார்கள். குளத்தைக் காத்தல் நமக்குப் புதிதாக வந்த நாகரிகம் அன்று என்பதற்கு இதுவே போதும்.

மூட்டை எங்கே போகிறது?

அன்று பணி முடிந்தபோது மாநகராட்சி வண்டி வந்தது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளரிடம், "இதெல்லாம் எங்கேயப்பா போகும்?" என்று நம்முள் ஒருவர் கேட்டார். "வெள்ளலூருக்குத்தானுங்க" என்று அவர் விடை கூறி, வண்டியைக் கிளப்பினார்.

அந்த ஒரு சொல் நம்மை வெகுநேரம் வருத்தியது. பழங்காலத்து ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர் வெள்ளலூர். இன்று அங்கே ஏறத்தாழ 650 ஏக்கர் பரப்பில் நகரத்துக் குப்பைக்கிடங்கு இருக்கிறது. துர்நாற்றத்தையும் ஈக்களையும் கெட்டுப்போன நிலத்தடி நீரையும் எதிர்த்து அவ்வட்டார மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். வழக்குப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. 2024 ஏப்ரலில் கிடங்கு தீப்பற்றி எரிந்தபோது சுற்றிலும் வாழ்வோர் புகையில் தவித்தனர். ஒரு குளத்தின் கரையிலிருந்து நாம் எடுத்த மூட்டை, மற்றோர் ஊரின் வாசலில் இறங்குகிறது. நம் கண்ணுக்குக் குளம் தூய்மையாயிற்று. ஆனால் தீங்கு ஒழிந்ததா, இடம் மாறியதா?

துறவியர் காக்கும் சமிதிகள் ஐந்து. நடத்தலில் கவனம், பேசுதலில் கவனம், உணவு ஏற்றலில் கவனம், பொருளை எடுத்தலிலும் வைத்தலிலும் கவனம் என்னும் நான்கையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். ஐந்தாவதை மட்டும் பேசக் கூசுகிறோம். அதுதான் கழிவை விடுதலில் கவனம். உடற்கழிவாயினும் வேறு கழிபொருளாயினும், உயிர்கள் இல்லாத, பிறர்க்கு இடையூறு நேராத இடம் பார்த்து, நோக்கித் துடைத்து, அதன்பின் விடவேண்டும் என்பது அந்நெறி. எல்லாம் துறந்தவர்க்கும் துறக்க முடியாத ஒன்று கழிவு. ஆகவே அதற்கும் ஒரு விரதம் வைத்தார்கள். எதை உண்டாய் என்பதோடு நில்லாமல், எதை எங்கே எறிந்தாய் என்றும் கேட்ட நெறி அது.

இல்லறத்தாராகிய நாம் இதனைத் துறவியர்க்கென்று ஒதுக்கிவிட்டோம். உணவில் நாம் காட்டும் நுண்மை வியப்புக்குரியது. கிழங்கு ஆகாது, இரவு உண்ணலாகாது, வடிகட்டாத நீர் பருகலாகாது என்று காக்கிறோம். ஆனால் அவ்வுணவைப் பரிமாறிய நெகிழித் தட்டு சமையலறைக் கதவைத் தாண்டியதும் நம் விரதத்தின் எல்லை முடிந்துவிடுகிறது. தெருமுனைத் தொட்டிக்குப் பிறகு அது யார் வயிற்றில் போகிறது, எந்தப் பசுவின் இரைப்பையில் திரள்கிறது, எந்த ஊரின் கிணற்றைக் கெடுக்கிறது என்று நாம் பின்தொடர்வதில்லை.

ஊற்றும் செறிப்பும் உதிர்ப்பும்

வினை வந்து சேர்வதை ஊற்று என்றும், அவ்வரவைத் தடுப்பதைச் செறிப்பு என்றும், சேர்ந்ததைக் கழிப்பதை உதிர்ப்பு என்றும் நம் தமிழ் நூலோர் பெயரிட்டனர். இதனை விளக்க ஆன்றோர் எடுத்துக்கொண்ட உவமையே குளந்தான். குளத்தை வற்றச் செய்ய விரும்புவோன் முதலில் நீர் வரும் வாயை அடைக்கிறான். பிறகு உள்ளிருக்கும் நீரை இறைக்கிறான். எஞ்சியது வெயிலில் காய்கிறது. வாயைத் திறந்துவைத்து இறைப்பவன் நாள் முழுதும் உழைத்தும் நீர்மட்டம் குறையாது.

ஞாயிற்றுக்கிழமைப் பணி உதிர்ப்பு. அது வேண்டும். பழைய கறை தானே போகாது, யாரேனும் குனிந்து எடுத்தே ஆகவேண்டும். ஆனால் செறிப்பு இல்லாத உதிர்ப்பு முடிவற்றது. வெர்சோவாவில் மழைதோறும் குப்பை திரும்பி வந்ததன் பொருள் இதுவே. 'அடுத்த வாரமும் போடுவார்களே' என்று இளைஞர் சலித்ததும் இதனால்தான். அவர் சலிப்பு தவறன்று. ஆனால் அச்சலிப்பு வீட்டுக்குச் சென்று படுத்துக்கொள்ளத் தூண்டலாகாது, வாய்க்காலின் தலைமடைக்கு நடக்கத் தூண்ட வேண்டும்.

அவ்வாறு நடந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் 1986இல் தொடங்கிப் பின் உலகெங்கும் பரவிய கடற்கரைத் தூய்மை இயக்கத்தார், பொறுக்கியதோடு நில்லாமல், என்ன பொருள், எத்தனை என்று அட்டையில் குறித்து வைத்தனர். பல ஆண்டுகள் அக்கணக்கில் முதலிடம் பெற்றது சிகரெட் துண்டு. கணக்கு இருந்ததால் எதைத் தடுக்க வேண்டும் என்று அரசுகளிடம் எடுத்துச் சொல்ல முடிந்தது. நம் தமிழ்நாட்டிலும் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 14 வகை தடைசெய்யப்பட்டன. தடை ஏட்டில் இருக்கிறது, பைகள் குளத்தில் இருக்கின்றன. ஏட்டுக்கும் குளத்துக்கும் இடையே இருப்பது நம் கடையும் நம் வீடும் அல்லவா?

'குளத்தைக் காப்பது அரசின் கடமை, தொண்டர்கள் செய்தால் அரசு சோம்பிவிடும்' என்று சிலர் வாதிப்பர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதும், ஆலைகளைக் கண்காணிப்பதும் தனிமனிதர் கைப்பணியால் ஆவன அல்ல என்பது மெய். சாயக்கழிவை நிறுத்தியது நீதிமன்ற ஆணையேயன்றிக் கோணிப்பை அன்று. ஆனால் அந்த ஆணையைப் பெற்றவர்கள் யார்? தம் நிலத்தின் நீரை நாள்தோறும் கண்டுகொண்டிருந்த உழவர்கள். குளத்தில் இறங்கிப் பாராதவர்க்கு, எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்பதே தெரியாது. சேற்றில் நின்றவனுடைய மனுவுக்கு எடை அதிகம்.

செருக்கு என்னும் கறை

இன்னும் ஓர் எச்சரிக்கை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. தூய்மைப் பணிக்கு வந்த இடத்தில் நெகிழிப் புட்டியில் நீரும், நெகிழித் தாளில் சுற்றிய சிற்றுண்டியும் வழங்கப்படுவதைக் கண்டிருக்கிறோம். பெரிய பதாகை கட்டி, படம் எடுத்து, பதாகையை அங்கேயே விட்டுச் செல்வதையும் கண்டிருக்கிறோம். ஒரு காலைப்பொழுது குனிந்த நம்மைப் பலர் புகழ்கிறார்கள். ஆண்டு முழுதும் அதே குப்பையில் குனியும் தூய்மைப் பணியாளரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதும் இல்லை. கையுறை நமக்குப் புதிதாகக் கிடைத்தது. அவருக்குப் பலவேளை கிடைப்பதில்லை. அவர் கையில் கண்ணாடிச்சில் குத்தாதிருக்க, உடைந்த புட்டியைத் தனியே தாளில் சுற்றி வைப்பது, நூறு சொற்பொழிவுகளினும் மேலான கொல்லாமை. குளப்பணியின் முதற்பயன் குளத்திற்கு அன்று, நமக்கு. பிறர் எறிந்ததைத் தொட்ட கைக்கு, அடுத்த நாள் தான் எறியும்போது ஒரு தயக்கம் வருகிறது. அத்தயக்கமே செறிப்பின் தொடக்கம்.

ஆகவே நம் குடும்பங்கள் மேற்கொள்ளத்தக்க சில சிறு நோன்புகளை இங்கே வைக்கிறோம். திருமணத்திலும் பூசையிலும் நடக்கும் விருந்துகளில் வாழையிலையும் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்களும் அன்றி வேறு வேண்டாம் என்று துணியலாம். வீட்டில் மட்கும் குப்பையை வீட்டிலேயே அல்லது தெருவளவில் உரமாக்கினால், வெள்ளலூர் செல்லும் மூட்டையில் பெரும்பகுதி குறையும். பூசை மலர்களையும் பழைய படங்களையும் ஆற்றில் விடுவது புண்ணியம் என்னும் எண்ணத்தை நீக்கலாம். மலரை மண்ணுக்கே உரமாக்குவதில் குறைவொன்றும் இல்லை. வணிகர்கள், தம் சரக்கு எங்கே சாயம் கண்டது, அங்கே கழிவு எங்கே போகிறது என்று ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் சென்று பார்க்கலாம். குளப்பணிக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடு கொண்டுசென்று, கண்டெடுத்தவற்றை எழுதி வரலாம். மாலையில் தன் பிழைகளை எண்ணி வருந்தும் பிரதிக்கிரமண வேளையில், 'இன்று என் வீட்டுக் கதவைத் தாண்டிச் சென்ற கழிவு எங்கே போயிற்று?' என்ற ஒரு வினாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியவருக்கும் இளைஞருக்கும் நாம் அன்று சொல்லாத விடை இதுவே. ஐயா, உயிர்கள் இருந்தன. அடுத்த முறை வேரை நீரில் அலசிவிட்டுத் தாருங்கள், அதற்கு உங்கள் கண் எங்களுக்கு வேண்டும். தம்பி, போட்டவர்களில் நாமும் உண்டு. ஆகவே பொறுக்குவோம். பொறுக்கிக்கொண்டே, நீர் வரும் வாயை நோக்கி நடப்போம். அவ்வாய்க்கால் சென்று முடியும் இடங்களில் ஒன்று நம் வீட்டு வாசலாக இருக்கும்.

மழை வரப்போகிறது. வெள்ளியங்கிரியில் பெய்யும் நீர் வாய்க்கால்களில் இறங்கி வரும். அது வந்து சேரும்போது குளங்கள் அதனை ஏற்கும் நிலையில் இருக்கட்டும். எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க.